சின்ன அப்பத்தாவின் பதினோரு கடிதங்கள்: கொழும்பில் ஐந்து நாள்

அக்டோபர் 8, புதன் – வெள்ளவத்தை

கட்டுநாயக்காவில் விமானம் இறங்கும்போதே வானம் கறுத்திருந்தது. வெள்ளவத்தையில் தங்கவேண்டிய வீட்டை அடைவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. காலி வீதியில் புடைவைக் கடை வாசல்களில் ஒதுங்கி நின்றவர்கள், பெட்டியோடு வந்த எனக்குத் தாமாகவே விலகி இடம் கொடுத்தார்கள். உடை நனைந்தது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. தோள்பையை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். அதற்குள் ஒரு பழைய பிஸ்கட் தகரப் பெட்டியும், பெட்டிக்குள் பதினோரு கடிதங்களும் இருந்தன.

அந்தக் கடிதங்களுக்காகவே இந்தப் பயணம். என் அப்பத்தாவுக்குக் கல்யாணமாகிப் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலேயே தங்கிவிட, அவருடைய பெற்றோர் இளைய மகளை, அதாவது என் சின்ன அப்பத்தாவை மட்டும் அழைத்துக்கொண்டு 1930களில் ஒரு கங்காணியின் பின்னால் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார்கள். அக்காளும் தங்கையும் அதற்குப் பிறகு ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் 1952 முதல் 1974 வரை ஹட்டன் பக்கத்திலிருந்து பதினோரு கடிதங்கள் வந்தன. ஒரே பெண் அனுப்பிய அந்தப் பதினொன்றிலும் ஐந்து பேருடைய கையெழுத்து இருக்கிறது. ஊருக்கு வந்தபின் முதலில் தபால்காரரும், பிறகு என் தந்தையும், கடைசி ஒன்றை ஒன்பது வயதில் நானும் அப்பத்தாவுக்குப் படித்துக் காட்டினோம்.

1991ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது தொண்டராகச் சேர்ந்தேன். பகல் முழுதும் கல் உடைத்த பெண்கள் இரவில் விளக்கடியில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டியதையும், சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டு தாமே வங்கிக்குப் போய் வந்ததையும் கண்ணால் கண்டவள் நான். எழுத்து ஒருவரை விடுவிக்கும் என்பதில் அன்று எனக்கு ஐயமே இருந்ததில்லை. பெட்டியிலுள்ள இந்தக் காகிதங்களை எடுக்கும்போது மட்டும், எழுத்தறியாத இரண்டு பெண்கள் இருபத்திரண்டு ஆண்டுகள் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்ற கேள்வி மனத்தில் கிடந்து உறுத்தும்.

இரவு உணவு இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல், முந்நூறு ரூபாய். நம் ஒரு ரூபாய்க்கு அப்போது அங்கே மூன்றரை ரூபாய் அளவில் கிடைத்ததால் அதிகமென்று சொல்ல முடியவில்லை. பரிமாறியவர் ஒவ்வொரு முறையும் “இன்னும் கொஞ்சம் சொதி விடட்டா?” என்று கேட்ட பின்னரே ஊற்றினார்.

மழை விட்டதும் 57ஆவது ஒழுங்கையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கத்துக்கு நடந்தேன். 1942இல் தொடங்கிய சங்கம் அது. நூலகத்தில் முதியவர் ஒருவர் நாளிதழை உதடசைத்து, பாதி வாய்விட்டே படித்துக்கொண்டிருந்தார். எவரும் அவரைத் தடுக்கவில்லை. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் ஒருவர் கந்தபுராணச் செய்யுளைப் படிக்க, இன்னொருவர் பொருள் சொல்ல, ஊரே உட்கார்ந்து கேட்கும் வழக்கம் உண்டு. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளியையும் மறு ஆண்டில் அச்சகத்தையும் நிறுவிய ஆறுமுக நாவலர், அப்படிக் கேட்டு வளர்ந்த சமூகத்தின் கையில்தான் அச்சுப் புத்தகத்தைக் கொடுத்தார். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டபோது, வாசிக்கவே தெரியாதவர்களும் அழுதார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. புத்தகம் அங்கே படித்தவருக்கு மட்டும் உரிய பொருளாக இருந்ததில்லை.

அக்டோபர் 9, வியாழன் – கல்லும் கடலும்

காலையில் வெயில் சுள்ளென்று அடித்தது. 1877இல் திறக்கப்பட்ட தேசிய அருங்காட்சியகத்தின் வெள்ளைக் கட்டடத்துக்கு முன்னால் பள்ளிப் பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில் வரிசையாக நின்றிருந்தார்கள். நான் நேராகக் காலி நகரத்து மும்மொழிக் கல்வெட்டைத் தேடிப் போனேன்.

சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்து நிறுத்திய கல் அது. அதிலுள்ள தேதி 1409 பிப்ரவரிக்கு உரியது. 1911இல் காலி நகரில் ஒரு வடிகாலின் மேல், எழுத்துள்ள பக்கம் கீழே இருக்குமாறு கவிழ்த்துப் போட்ட மூடுகல்லாக அதைக் கண்டெடுத்தார்கள். சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளிலும் பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம் என்று ஏறத்தாழ ஒரே காணிக்கைப் பட்டியல் இருக்கிறது. ஆனால் சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் என்ற திருமாலுக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்கும் அதே காணிக்கையைச் செலுத்துகின்றன. தமிழ் மட்டும் தெரிந்த வணிகர் படித்தால், சீனப் பேரரசர் தம் பெருமாளை வணங்கினார் என்று மகிழ்ந்திருப்பார். பக்கத்தில் நின்ற பாரசீக வணிகருக்கு அந்த மகிழ்ச்சி வேறு காரணத்தால் வந்திருக்கும். கல் எல்லாருக்கும் ஒன்றுதான், அது சொன்ன செய்தி அவரவர் எழுத்துக்குள் அடைபட்டிருந்தது. அதை முழுதாக அறிந்தவர் மூன்றும் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் மட்டுமே. அவர் பெயர் கல்லில் இல்லை.

எழுத்து என்றால் அரசரும் குருமாரும் என்ற எண்ணம் நமக்கு ஊறியிருக்கிறது. ஆனால் அநுராதபுரத்தில் தோண்டியபோது கிறித்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளின் பானை ஓடுகளில் பிராமி எழுத்துகள் கீறப்பட்டிருந்தன. நம் கீழடியிலும் ‘ஆதன்’ என்று பானையில் கீறியிருக்கிறார்கள். சிகிரியா பாறைக் கோட்டையில், பளபளப்பாகப் பூசியதால் ‘கண்ணாடிச் சுவர்’ எனப்படும் சுவரில், ஓவியப் பெண்களைப் பார்க்க வந்தவர்கள் 8 முதல் 10ஆம் நூற்றாண்டு வரை கிறுக்கிய சிங்களக் கவிதைகளில் 685 பாடல்களைத் தொல்லியலாளர் பரணவிதான 1956இல் படித்துப் பதிப்பித்தார். எழுதியவர்களில் பெண்களும் உண்டு. பானையில் பெயர் எழுதவும் சுவரில் கவிதை எழுதவும் தெரிந்த மக்கள் அக்காலத்திலேயே இருந்தார்கள் என்பதை நினைக்கும்போது, பின்னாளில் மலைத்தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பெருவிரலை மையில் தொட்டவர்களின் நிலை எனக்கு இன்னும் வேதனையாகத் தெரிகிறது.

மாலையில் காலிமுகத்திடலுக்குப் போனேன். கடற்காற்றில் இறால் வடை வாங்கித் தின்றேன். வெங்காயமும் மிளகாய்ச் சாறும் ஊற்றிக் கொடுத்த பெண், எனக்குக் கண்ணில் நீர் வந்ததைப் பார்த்துத் தண்ணீர்ப் போத்தலைத் தாமே நீட்டினார், அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். திடலின் ஓரத்தில் தூண்களோடு நிற்கும் பழைய நாடாளுமன்றக் கட்டடம் 1930இல் திறக்கப்பட்டது. இந்த நாட்டில் 1931க்கு முன் சொத்தோ வருமானமோ எழுத்தறிவோ இருந்தால்தான் வாக்கு. மக்களில் நூற்றுக்கு நான்கு பேர் அளவில்தான் வாக்களிக்க முடிந்தது. டொனமூர் அரசியலமைப்பு அந்தத் தடையை நீக்கி, இருபத்தொரு வயதான ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை கொடுத்தது. பெயரைப் படிக்க முடியாதவர்களுக்காக ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தில் பெட்டி வைத்தார்கள்.

அனைவருக்கும் வாக்கு என்பதை எதிர்த்தவர்களில் தமிழ்த் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனும் ஒருவர். அதே இராமநாதன்தான் 1913இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கென்று கல்லூரி தொடங்கியவர். படித்தவர்கள் கல்வியை நேசிப்பதும் படிக்காதவர்களை நம்ப மறுப்பதும் ஒரே நெஞ்சில் இருக்க முடிகிறது என்பதை நான் அறிவொளிக் காலத்திலும் பார்த்திருக்கிறேன். எனக்குள்ளும் அது கொஞ்சம் இருந்தது.

அக்டோபர் 10, வெள்ளி – தோம்பும் துண்டும்

புறக்கோட்டைக்குப் போவதற்காகக் காலையில் ஏறிய தனியார் பேருந்தின் பக்கப் பலகையில் சிங்களம் மட்டும் இருந்தது. முன்னால் நின்றவர் ஏறியதைப் பார்த்து நானும் ஏறினேன். பம்பலப்பிட்டியில் வண்டி கடலை விட்டுத் திரும்பி உள்ளே போகத் தொடங்கிய பிறகே தவறு புரிந்தது. எந்தச் சந்தி, எந்த வீதி என்று தெரியவில்லை. கடைகளின் பலகைகளில் வட்ட வட்டமான அழகிய எழுத்துகள் வந்துகொண்டே இருந்தன, ஒன்றுகூட எனக்குத் திறக்கவில்லை. முப்பது ஆண்டுகள் பிறருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த எனக்கு, நெஞ்சு படபடக்கும் அந்த உணர்வு புதிது. கல்குவாரிப் பெண்கள் பேருந்து நிலையத்தில் எப்படி நின்றிருப்பார்கள் என்பதை அறுபது வயதில்தான் உடம்பால் அறிந்தேன்.

நடத்துநருக்குத் தமிழ் அதிகம் தெரியாது. பொரளையில் இறக்கி, கூடவே இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த பேருந்தின் நடத்துநரிடம் என்னை ஒப்படைத்து, வாங்கிய காசையும் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடிப்போய்த் தம் வண்டியில் ஏறிக்கொண்டார்.

வுல்ஃபெண்டால் மேட்டிலுள்ள ஒல்லாந்தர் தேவாலயத்தை 1749 முதல் 1757 வரை கட்டினார்கள். உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. தரையில் பதித்த கல்லறைப் பலகைகளின் மேல் நடக்க மனம் கூசியது. ஒல்லாந்தர் இங்கே தேவாலயத்தோடு சேர்த்துப் பள்ளிகளை நடத்தினார்கள். பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் பெற்றோருக்கு அபராதம் உண்டு. 1737இல் கொழும்பிலேயே சிங்கள எழுத்தில் நூல் அச்சிட்டார்கள். அந்தப் பள்ளி ஆசிரியரிடம்தான் ஊரின் தோம்பு, அதாவது பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் எழுதும் பேரேடு இருந்தது. பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த அதே கை, குடும்பத்தின் வாரிசு வழக்குகளுக்குச் சான்றாகும் பதிவையும் தோம்பில் எழுதியது. பெயர் ஏறாதவர் பிறகு வழக்கில் தம்மை யார் என்று நிறுவுவது எளிதாக இருந்திருக்காது.

தோம்பை நினைத்தபோது, முன்னாளில் தோட்டம் போய் வந்தவர்கள் சொல்லக் கேட்டதாக அப்பத்தா அடிக்கடி சொல்லும் ‘துண்டு’ நினைவுக்கு வந்தது. ஒரு தோட்டத்திலிருந்து தொழிலாளர்கள் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அவர்களுடைய கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் விடுவிக்கலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் துண்டு என்று பெயர். கங்காணி அதைக் கொண்டு ஆட்களைத் தோட்டம் தோட்டமாக மாற்ற, கடன் ஏறிக்கொண்டே போனது. 1921இல் அந்த முறையை ஒழித்தார்கள். துண்டில் எழுதியிருந்த தொகைக்கு உரியவர்களில் எத்தனை பேரால் அந்தத் தொகையைப் படித்துச் சரிபார்க்க முடிந்திருக்கும்? எழுத்தில்லாத ஊரில் எழுத்தறியாமை ஒரு குறையே இல்லை. தன்னைப் பற்றிய காகிதம் பிறர் கையில் இருக்கும் நாளிலிருந்துதான் அது ஆபத்தாகிறது.

அங்கிருந்து நடக்கும் தொலைவில் புதுக்கடை, நீதிமன்றங்கள் நிற்கும் இடம். சுற்றியுள்ள சந்துகளில் சட்டத்தரணிகள் என்று இங்கே சொல்லும் வழக்கறிஞர்களின் சிறு அறைகளும், தட்டச்சுக் கடைகளும், நகலெடுக்கும் கடைகளும் நெருக்கியடித்து இருக்கின்றன. இந்தச் சந்துகளில் ஒன்றில்தான் நான் பார்க்கப் போகும் அத்தை, சின்ன அப்பத்தாவின் மகள், இருபத்தெட்டு ஆண்டுகள் தட்டச்சு செய்தார். ஐம்பது ரூபாய்க்கு ஒரு வெறுந்தேநீர் வாங்கிக்கொண்டு ஒரு கடையின் ஓரம் நின்றேன். சேலைத் தலைப்பால் முகம் துடைத்தபடி இருந்த ஒரு பெண்ணுக்கு, இளைஞர் ஒருவர் சத்தியக்கடதாசியை, அதாவது பிரமாணப் பத்திரத்தை, வரி வரியாகப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அவள் நடுவில் நிறுத்தி, “அவர் அடித்தது ஒரு தரம் இல்லை, மூன்று தரம்” என்றாள். இளைஞர் மறுபேச்சில்லாமல் கணினிக்குத் திரும்பிப் போய்த் திருத்தினார்.

திரும்பும்போது கொட்டிய மழையில் முழுதும் நனைந்தேன்.

அக்டோபர் 11, சனி – காய்ச்சல்

இரவே காய்ச்சல் வந்துவிட்டது. அருகிலிருந்த மருத்துவர் நன்றாகவே பார்த்தார், ஆனால் மருந்து கொடுத்த இடத்தில் நான்கு சிறு காகித உறைகளில் மாத்திரைகளைப் போட்டு, அச்சிட்ட சிங்கள வரிகளில் கோடு கிழித்து நீட்டிவிட்டார்கள். அறைக்கு வந்து பார்த்தால் எது காலை, எது இரவு, எது சாப்பாட்டுக்கு முன் என்று ஒன்றும் விளங்கவில்லை. வீட்டுக்காரர்கள் யாழ்ப்பாணம் போயிருந்தார்கள். உயிரோடு தொடர்புள்ள ஒரு காகிதம், நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்றை மட்டும் பேசலாமா? 1987க்குப் பிறகு தமிழும் இங்கே ஆட்சிமொழிதான். உறையின் மேல் இன்னும் மூன்று வரி அச்சிடுவதற்கு மை அதிகம் செலவாகாது.

கீழே காவலுக்கு இருந்த சிங்கள இளைஞரிடம் உறைகளைக் காட்டினேன். அவர் படித்தார், எனக்குச் சொல்ல அவரிடம் தமிழ் இல்லை. சற்று யோசித்துவிட்டுப் பேனாவை எடுத்து, ஓர் உறையில் சூரியனையும், இன்னொன்றில் பிறை நிலாவையும், மூன்றாவதில் சோற்றுத் தட்டையும் அதற்குப் பிறகு ஒரு மாத்திரையையும் வரைந்து கொடுத்தார். நான்காவதைத் தம் தொண்டையைத் தொட்டு இருமிக் காட்டி விளக்கினார். மதியம் அவரே பாணும் பருப்பும் வாங்கி வந்து, தட்டு படத்தைச் சுட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

படுத்தபடியே கடிதங்களை விரித்தேன். முதல் நான்கும் தேர்ந்த கையெழுத்து. “இப்பவும் எல்லாம் வல்ல முருகன் கிருபையால்” என்று தொடங்கிப் பக்கம் நிறைய ஓடுபவை. அடுத்த மூன்றும் வேறு வேறு கைகள். பிறகு 1966, 1968, 1969 ஆகிய மூன்று ஆண்டுகளின் கடிதங்கள் பள்ளிக் கொப்பியிலிருந்து கிழித்த கோடு போட்ட தாளில், உருண்டையான குழந்தைக் கையெழுத்தில் உள்ளன. 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, தும்பிக்கை போட்ட ‘லை’யும் ‘னை’யும் அவற்றில் அக்கறையாக எழுதப்பட்டிருக்கின்றன. 1968இன் கடிதத்தில் மொத்தமே நான்கு வரி. எல்லாரும் சுகம், மழை அதிகம், கொழுந்து நிறைய, பதில் போடவும்.

அக்டோபர் 12, ஞாயிறு – கொட்டாஞ்சேனை

காய்ச்சல் இறங்கியிருந்தது. முச்சக்கர வண்டிக்காரர் தமிழர். நான் போகும் வீட்டைத் தெரியாவிட்டாலும், தெருவில் இரண்டு இடத்தில் நிறுத்தி விசாரித்து வாசலிலேயே இறக்கிவிட்டார். அத்தைக்கு அறுபத்தொன்பது வயது. “வாம்மா, அண்ணன் முகம் அப்படியே இருக்கு” என்று கன்னத்தைத் தொட்டவர் கையை எடுக்கவில்லை. அவர் மகள் எனக்கு மதினி முறை. பாரை மீன் குழம்பும் கீரைச் சுண்டலும் வைத்திருந்தாள். சாப்பிட்டு முடிக்கும்வரை பெட்டியைத் திறக்க அத்தை விடவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகப் படித்தேன். அத்தை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முதல் நான்கும் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை எழுதியவை. அம்மா அவர் வீட்டுக்கு விறகு உடைத்துக் கொடுத்து எழுதி வாங்குவார். அடுத்தவை லயத்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின் வாலிபர்களும் கடைக்காரரும் எழுதியவை. “அதுக்கப்புறம் நான்” என்றார். 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் நாட்டுப் பள்ளிகளில் இலவசக் கல்வி வந்தாலும், தோட்டப் பள்ளிகளை அரசு ஏற்க 1970கள் ஆயின. ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்க அந்த லயத்திலிருந்து டவுன் பள்ளிக்கு நடந்து போன முதல் பிள்ளை அத்தைதான்.

1968இன் கடிதத்தைப் படித்து முடித்ததும் அவர் கண்ணைத் திறந்தார். அதை மறுபடி படிக்கச் சொன்னார். நான்கு வரிதானே, படித்தேன்.

“அம்மா சொன்னது இது மட்டும் இல்லை” என்றார்.

1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தப்படி, இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும் 3,00,000 பேரை இலங்கை ஏற்கவும் முடிவாகியிருந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகிவிட்டவர்கள் இரண்டு நாடுகளில் ஒன்றுக்கு விண்ணப்பம் போட வேண்டும். லயமெங்கும் அதே பேச்சு. சின்ன அப்பத்தா மகளைக் கூப்பிட்டு, ஊருக்கு வந்தால் ஒரு குடிசை போட இடம் கிடைக்குமா, அக்காள் வீட்டில் ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டு எழுதச் சொன்னார். பன்னிரண்டு வயது அத்தைக்கு அந்த ஊர் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. பள்ளியை விட்டுப் போக வேண்டியிருக்கும் என்பது மட்டும் தெரிந்தது. மற்றதை எழுதி, அந்தக் கேள்வியை எழுதாமல் ஒட்டிவிட்டார். அம்மா ‘படிச்சுக் காட்டு’ என்றபோது, காகிதத்தைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தும் காட்டினார்.

ஊரிலிருந்து பதில் வந்தது. ஆடு குட்டி போட்டது, அண்ணனுக்குப் பெண் பிறந்து மூன்று வயதாகிறது என்றெல்லாம் இருந்தது. அந்தப் பெண் நான். கேட்ட கேள்விக்கு மட்டும் ஒரு வார்த்தையும் இல்லை. “அக்காவுக்கு மனசில்லை போல” என்று சொன்ன சின்ன அப்பத்தா இந்தியாவுக்கு விண்ணப்பம் போடவே இல்லை. இலங்கைப் பிரஜாவுரிமை வீட்டுக்கு வருமுன் 1975இல் இறந்துவிட்டார்.

என்னால் உடனே பேச முடியவில்லை. மண்டபம் முகாம் வழியாக ‘சிலோன்காரர்கள்’ எங்கள் பக்கத்து ஊர்களுக்கு வந்திறங்கும்போதெல்லாம் அப்பத்தா வேலையைப் போட்டுவிட்டு நடந்து போய் முகம் முகமாகப் பார்த்துவிட்டு வருவார். “என் தங்கச்சி வர்றேன்னு ஒரு வார்த்தை எழுதலையே” என்று சாகும்வரை சொன்னார். அத்தையிடம் இதைச் சொல்லலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். சொன்னேன். அவர் அழவில்லை. புதுக்கடையில் வேலை பார்த்த இருபத்தெட்டு ஆண்டுகளும், சட்டத்தரணி எவ்வளவு அவசரப்படுத்தினாலும், முழுதும் படித்துக் காட்டாமல் ஒருவரையும் பெருவிரல் வைக்க விட்டதில்லை என்று மட்டும் சொன்னார்.

மதினி தேநீர் கொண்டுவந்தாள். வெளியே இடி இடித்தது. அத்தைக்கு இப்போது கை நடுங்குகிறது. என்னிடம் பேனாவைக் கொடுத்து, 1968இன் கடிதத்தில் நான்கு வரிக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் எழுதச் சொன்னார். திருத்தாமல், அம்மா சொன்னபடியே எழுத வேண்டும் என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்:

“அக்கா, இங்கன எல்லாரும் இந்தியாவுக்கு எழுதிப் போடுறாக. நாங்களும் வந்தா நீ இருக்கிற தெருவுல ஒரு குடிசை போட எடம் இருக்குமா? நீ வான்னு சொன்னா வந்துருறேன். உன்னையப் பாத்து முப்பது வருசமாச்சு. மாமாகிட்ட கேட்டு வெரசா பதில் போடு.”

படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். ‘வெரசா’ என்பதில் அவருக்கு ஐயம் வந்தது. அம்மா ‘சுருக்கா’ என்றுதான் சொன்னார் என்று நினைவுபடுத்திக்கொண்டு மாற்றச் சொன்னார். அடித்துவிட்டு மேலே எழுதினேன். அந்த ஒரு கடிதத்தைக் கொட்டாஞ்சேனையிலேயே விட்டுவிட்டு, மற்ற பத்தையும் பெட்டியில் வைத்துக்கொண்டு இருட்டும் நேரத்தில் கிளம்பினேன்.